இணையப் போக்கர் பழகும்போது சிப்ஸ் கரைந்துகொண்டே போகிறது: செயலியில் கோளாறா, நான் விளங்கிக்கொண்டதில் பிழையா?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

வணக்கம். வீட்டில் 304 விளையாடி வளர்ந்தவன் என்பதால் சீட்டுக்கட்டு எனக்குப் புதிதில்லை. இப்போது கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரை இலவசச் சிப்ஸை வைத்துப் பழகி வருகிறேன். எந்தக் கை எந்தக் கையை வெல்லும் என்ற வரிசை மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் செயலி சரியாகத்தான் தீர்ப்புச் சொல்கிறதா என்ற ஐயம் தீரவில்லை.

நேற்றைய ஆட்டமொன்றை அப்படியே எழுதுகிறேன். என் கையில் இரண்டு 5 இருந்தன. மேசையில் முதலில் விழுந்த மூன்று சீட்டுகள் கிங், 8, 4. நான்காவதாக இன்னொரு கிங்கும் கடைசியாக இன்னொரு 8உம் வந்தன. ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைய வாய்ப்பே இருக்கவில்லை. நான்காவது சீட்டு விழுந்ததும் நான் பந்தயம் கட்டாமல் செக் செய்தேன், எதிராளியும் செக் செய்தார். கடைசியில் அவர் காட்டியது ஒரு ஏஸும் ஒரு 3உம். அவருடைய கையில் ஒரு சோடிகூட இல்லை, எனக்கோ தொடக்கத்திலிருந்தே சோடி இருந்தது. அப்படியிருந்தும் செயலி முழுத் தொகையையும் அவருக்கே கொடுத்துவிட்டது. இது கோளாறுதானே?

இரண்டாவது சிக்கல், பெரிய தோல்வி எதுவும் இல்லாமலேயே என்னுடைய 10,000 சிப்ஸ் மெல்ல மெல்லக் குறைகிறது. ஆறு பேர் இருக்கும் மேசையில், 50உம் 100உம் பிளைண்டாக (சீட்டைப் பார்க்குமுன் இருவர் முறைவைத்து வைக்கும் கட்டாயப் பந்தயம்) வைத்து ஆடுகிறோம். ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டுகள் கிடைத்தால் நான் அவற்றை விடுவதில்லை. ஆனால் ஃபிளஷ் அமைவதோ அபூர்வமாக இருக்கிறது.

மூன்றாவது, காசு மேசையையும் ஒருமுறை பார்க்கலாம் என்று வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 10 டொலர் வைப்பிட முயன்றபோது என் வங்கி அட்டை நிராகரிக்கப்பட்டது. இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். தன்னை ஏஜென்ட் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், தான் சொல்லும் கணக்குக்கு ரூபாயை மாற்றி, தேசிய அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினால் உடனே சிப்ஸ் ஏற்றித் தருவதாகக் கூறுகிறார். அந்த வழியில் போகலாமா?

பதில் 1: கொட்டாஞ்சேனைக் கணக்கர்

தம்பி, முதலாவது சிக்கலில் செயலி சரியாகத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஹோல்டெமில் கையிலுள்ள இரண்டு சீட்டும் மேசையிலுள்ள ஐந்து சீட்டுமாக ஏழு இருக்கும். அந்த ஏழில் மிகச் சிறந்த ஐந்தை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். கடைசி 8 விழுந்தவுடன் இரண்டு கிங்கும் இரண்டு 8உம் மேசையிலேயே சேர்ந்துவிட்டன. அவை உங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து. கிங் சோடியும் 8 சோடியும் உங்கள் 5 சோடியை விடப் பெரியவை என்பதால், உங்களுடைய சிறந்த ஐந்தில் 5க்கு ஓர் இடந்தான் மிஞ்சியது: கிங், கிங், 8, 8, 5. அவருடையது கிங், கிங், 8, 8, ஏஸ். ஐந்தாவது சீட்டால் அவர் வென்றார்.

இந்த ஆட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் முடிவு அல்ல, நான்காவது சீட்டு. அந்த நேரத்தில் உங்களிடம் கிங் சோடியும் 5 சோடியும் இருந்தன, அவரிடம் மேசையிலுள்ள கிங் சோடி மட்டுமே இருந்தது. நான்கு கைச்சீட்டும் நான்கு மேசைச்சீட்டும் போக மீதி 44. அவற்றுள் மூன்று ஏஸும் மூன்று 8உம் வந்தால் மட்டுமே அவர் வெல்வார். இன்னொரு 4 வந்தாலும் உங்கள் 5 சோடி அதை விடப் பெரியதாகவே நிற்கும். ஆகவே அவருக்கிருந்த வாய்ப்பு 44இல் 6, அதாவது 14 சதவீதத்துக்கும் குறைவு. பொட்டில், அதாவது நடுவில் சேர்ந்த தொகையில், பாதியளவுக்கு நீங்கள் பந்தயம் கட்டியிருந்தால், அதைக் கோல் செய்வது (ஈடாகக் கொடுத்துத் தொடர்வது) கட்டுபடியாவதற்கு அவருக்கு 25 சதவீத வாய்ப்பு வேண்டும். நீங்கள் செக் செய்ததனால் அந்தக் கடைசிச் சீட்டை அவர் ஒரு சிப்பும் கொடுக்காமல் பார்த்துவிட்டார்.

304 பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். 304இல் ஜாக்குக்கு 30, 9க்கு 20, ஏஸுக்கு 11, 10க்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று புள்ளி போட்டு, ஒரு சின்னத்துக்கு 76ஆக நான்குக்கும் 304 வருகிறது. அதனால் ஜாக்கையும் 9ஐயும் கண்டவுடன் கை வலுவாக இருப்பதாக மனம் தானாக நினைத்துக்கொள்ளும். போக்கரில் ஏஸ், கிங், குயின் என்பவற்றுக்குக் கீழேதான் ஜாக். துரும்பு கிடையாது, நான்கு சின்னங்களும் சமம், கூட்டாளியும் இல்லை. ஜாக்கும் 9உம் வேறு வேறு சின்னத்தில் வந்தால், முதலில் பேசும் இடத்தில் இருக்கும்போது தயங்காமல் ஃபோல்ட் செய்துவிடுங்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுங்கள்.

பதில் 2: பம்பலப்பிட்டி அக்கா

இரண்டாவது சிக்கலுக்கு நான் பதில் எழுதுகிறேன். முதலில் பிளைண்டைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவோம். ஆறு பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஆறு ஆட்டங்களுக்கு, உங்களிடமிருந்து 150 சிப்ஸ் போகும். ஒரு கைகூட விளையாடாமல் உட்கார்ந்திருந்தாலும் 10,000 சிப்ஸ் தீர்வதற்கு 400 ஆட்டங்கள் எடுக்கும். அதை விட வேகமாகக் குறைகிறதென்றால், ஒவ்வொரு முறையும் 100 கொடுத்து முதல் மூன்று சீட்டைப் பார்த்துவிட்டு, பொருந்தாததால் விட்டுவிடுகிறீர்கள் என்பதே காரணமாக இருக்கும். தனித்தனியே பார்த்தால் அது சில்லறைச் செலவுதான், ஆனால் ஓட்டைப் பானையில் தண்ணீர் குறைவதைப் போல ஒரு மணித்தியாலத்தில் பெரிய தொகை போய்விடும்.

ஒரே சின்னச் சீட்டு என்ற கவர்ச்சியை எண்களோடு வைத்துப் பாருங்கள். அப்படி இரண்டு சீட்டு கிடைத்தால் முதல் மூன்று சீட்டிலேயே ஃபிளஷ் முழுமையாக அமைவது 0.84 சதவீதம். முழுமைக்கு ஒரு சீட்டுக் குறைவாக நிற்பது ஏறத்தாழ 11 சதவீதம். கடைசிச் சீட்டு வரை காத்திருந்தாலும் ஃபிளஷ் அமைவது 6 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆகவே குயினும் 4உம் ஒரே சின்னத்தில் வந்தால் அது பெரும்பாலும் குயினும் 4உம் மட்டுந்தான். ஒரே சின்னம் என்பது ஏற்கெனவே நல்ல கைக்கு ஒரு சிறு மேலதிகம். ஏஸும் கிங்கும், அல்லது 10உம் ஜாக்கும் போலப் பெரியதாகவோ அடுத்தடுத்ததாகவோ இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

அடுத்தது, எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது. புதியவர்கள் தம் சீட்டைப் பார்க்கிறார்கள், தம் இடத்தைப் பார்ப்பதில்லை. டீலர் பட்டன் (சீட்டுப் பகிர்பவரின் இடத்தைக் காட்டும் குறி) இருக்கும் ஆசனத்தில் உள்ளவர் முதல் மூன்று சீட்டுக்குப் பிறகு எல்லாப் பந்தயச் சுற்றிலும் கடைசியாகத் தீர்மானிப்பார். மற்றவர்கள் செக் செய்தார்களா, உயர்த்தினார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய பிளைண்டுக்கு அடுத்து இருப்பவர் ஐந்து பேர் என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமலே தொடங்க வேண்டும். சின்னங்களின் வேறுபாட்டைச் சுருக்கினால் 169 வகைத் தொடக்கக் கைகள் இருக்கின்றன. முன்னாலுள்ள இடத்திலிருந்து அவற்றில் சிறு பங்கையே விளையாட வேண்டும், பட்டனை நெருங்க நெருங்க அந்தப் பங்கை விரிக்கலாம். சிறிய பிளைண்டிலிருந்து "பாதிக் காசு போட்டாயிற்றே" என்று மீதி 50ஐயும் போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை முதலில் நிறுத்துங்கள்.

கோல் செய்வதா என்று தீர்மானிக்கும் கணக்கு எளிது. பொட்டில் 600 இருக்கிறது, எதிராளி 300 கட்டுகிறார் என்றால், நீங்கள் 300 கொடுத்து 900ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். மொத்தம் 1,200இல் உங்கள் பங்கு 300, ஆகவே 25 சதவீத வாய்ப்பு வேண்டும். நான்காவது சீட்டு விழுந்தபின் ஃபிளஷுக்கு ஒரு சீட்டுத் தேவைப்பட்டால், நீங்கள் காணாத 46 சீட்டில் 9 உதவும். அது 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, எனவே அந்த விலைக்கு அது கட்டாது. அமைந்தால் பிறகு அவரிடமிருந்து இன்னும் நிறையக் கறக்கலாம் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி விட்டுவிடுங்கள்.

இலவசச் சிப்ஸ் மேசையில் பொய்யாக உயர்த்தி ஆளைப் பயமுறுத்த முயலாதீர்கள். அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லாததால் எவரும் பயப்படுவதில்லை, எதற்கும் கோல் செய்வார்கள். நல்ல கை வரும்போது தாராளமாகப் பந்தயம் கட்டினாலே போதும்.

பதில் 3: கோட்டை வங்கியாள்

மூன்றாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. அந்த ஏஜென்டுக்குக் காசும் அனுப்பாதீர்கள், அடையாள அட்டையும் அனுப்பாதீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன்.

அவர் தரும் கணக்கு எண் பெரும்பாலும் அவருடையதாக இருக்காது. வேறொருவருடைய கணக்குக்குள் அறிமுகமில்லாத பலர் சிறு சிறு தொகைகளை அனுப்பும்போது, 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வங்கி அதைச் சந்தேகத்துக்குரியதாக இலங்கை மத்திய வங்கியின் நிதி உளவறிதற் பிரிவுக்கு அறிவிக்க வேண்டிவரும். விசாரணை என்று வந்தால் அனுப்பியவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கும். அடையாள அட்டைப் படத்தை வைத்து உங்கள் பெயரில் கணக்குத் திறக்கவோ, அடுத்தவரை ஏமாற்றவோ ஒருவர் முயன்றால், அதை மறுத்து நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில்தான் விழும்.

அட்டை நிராகரிக்கப்பட்ட காரணத்தை உங்கள் வங்கியிடமே கேளுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு அட்டையை எவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்பது 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான பணிப்புரைகளால் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. கிரிப்டோ வாங்கி அதன்மூலம் வைப்பிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கலுக்குக் கடனட்டையையோ பற்று அட்டையையோ பயன்படுத்த அனுமதியில்லை என்று மத்திய வங்கி பொதுமக்களுக்கு ஏற்கெனவே அறிவித்திருக்கிறது.

ஏஜென்ட் வழியாக ஓடும் மேசைகளில் ஆட்டமும் நம்பத் தகுந்ததில்லை. ஆறு ஆசனத்தில் மூன்று பேர் தொலைபேசியில் தம் சீட்டுகளைப் பகிர்ந்துகொண்டு விளையாடினால், நீங்கள் எவ்வளவு திறமையாக ஆடினாலும் வெல்ல முடியாது. முறைப்பாடு செய்ய அங்கே ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பழைய காணொளிகளில் சொல்லப்படும் செயலிகளையும் தேடிப் போகாதீர்கள். இந்தியாவில் காசு கட்டி விளையாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறியதால் அந்த அறிவுரைகள் காலாவதியாகிவிட்டன.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டொலர் இணையப் போட்டி ஒன்றிலிருந்து தொடங்கி உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்ற கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்தப் போட்டியில் 839 பேர் பங்குபற்றினார்கள், ஓர் ஆசனத்தின் விலை 10,000 டொலர். கதை ஒருவரைப் பற்றியது, காசு மற்ற எல்லோருடையதும். காசு மேசையில் உங்களை விடத் திறமையானவர்களோடு மட்டுமன்றி, ஒவ்வொரு பொட்டிலும் தளம் எடுக்கும் கழிவோடும் போட்டியிட வேண்டும். பல தளங்களில் அது ஓர் உச்ச வரம்புக்குள் 5 சதவீதம். இழந்ததை மீட்க வேண்டும் என்ற தவிப்பு இப்போதே எழுகிறதென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுமொழி: வெள்ளவத்தைவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஏஜென்டின் இலக்கத்தைத் தடை செய்துவிட்டேன். இப்போதைக்குக் காசு மேசைப் பக்கம் போவதாக இல்லை, இலவச மேசையிலேயே தொடர்கிறேன். முன்னிடத்திலிருந்து கைகளைக் குறைத்த பிறகு சிப்ஸ் கரைவதும் குறைந்திருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. என்னிடம் 1,200 சிப்ஸ் இருந்தபோது முழுவதையும் வைத்தேன். 3,000 வைத்திருந்தவரும் 5,000 வைத்திருந்தவரும் தங்களுடையதை முழுமையாக வைத்தார்கள். மூவரிலும் பெரிய கை என்னுடையது. திரையில் பொட் 7,200 என்று இருந்தும் எனக்கு 3,600தான் வந்தது.

பதில் 4: கொட்டாஞ்சேனைக் கணக்கர்

உங்களுக்குரியது முழுதாக வந்திருக்கிறது, தம்பி. நீங்கள் வைத்த 1,200க்கு ஈடாக மற்ற இருவரிடமிருந்தும் தலைக்கு 1,200தான் வெல்ல முடியும். அதனால் முதல் பொட் மூன்று 1,200, அதாவது 3,600. அதற்கு மேல் 3,000 வைத்தவரிடம் மீந்தது 1,800. 5,000 வைத்தவர் அதற்கு ஈடாக 1,800 கொடுக்க, அது 3,600 கொண்ட பக்கப் பொட்டாகப் பிரிகிறது. அதற்கு அவர்கள் இருவர் மட்டுமே உரிமையாளர், அவர்களுள் யாருடைய கை பெரிதோ அவருக்கு அது போகும். ஈடு இல்லாத 2,000, 5,000 வைத்தவரிடமே திரும்பிவிடும், அதனால்தான் திரையில் 7,200 என்று காட்டியது. செயலியில் ஆட்ட வரலாறு என்ற பகுதி இருந்தால் அந்த ஆட்டத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு பொட்டும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும்.