ஸ்லைடிலிருந்து நேரடி கலர் பிரின்ட்: வெள்ளை மட்டும் மஞ்சளாகிறது, ஃபில்டரை மாற்றியும் போகவில்லை

கோபிக்காரன்:

வணக்கமுங்க. அப்பா 1990களில் எடுத்த இ6 ஸ்லைடுகள் (ஃபிலிமிலேயே நேர்ப்படமாகத் தெரிபவை) ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. நெகட்டிவ் கிடையாது. ஸ்லைடிலிருந்து நேராகப் பிரின்ட் போடும் சிபாகுரோம் பேப்பர் இப்போது வாங்க வழியில்லாததால், நெகட்டிவிலிருந்து பிரின்ட் போடும் சாதாரண ஆர்.ஏ.4 கலர் பேப்பரிலேயே ரிவர்ஸல் முறையில் போட்டுப் பார்க்கிறேன். பின்கட்டு குளியலறைதான் இருட்டறை.

நான் செய்வது: இருட்டில் பேப்பருக்கு ஒளி காட்டி, கறுப்பு வெள்ளை பேப்பர் டெவலப்பரில் (பாட்டிலில் போட்டிருப்பது போல 1+9, அதாவது ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர்) ஒரு நிமிடம். அசெட்டிக் ஆசிட் ஸ்டாப் பாத், கழுவல். பிறகு லைட்டைப் போட்டு, ட்யூப்லைட்டுக்குக் கீழே இரண்டு நிமிடம். அப்புறம் கலர் டெவலப்பர் இரண்டு நிமிடம், பிளீச் ஃபிக்ஸ், கடைசிக் கழுவல். ரூமில் 30 டிகிரி இருக்கிறது.

என்லார்ஜரின் (படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) ஃபில்டர் டிராயரில், படம் எடுக்காமல் டெவலப் செய்த கலர் நெகட்டிவ் ஃபிலிம் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். இந்தப் பேப்பர் கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு நிறத்துக்காக (ஆரஞ்சு மாஸ்க்) செய்தது என்பதால் அந்த யோசனை. கூடவே கொஞ்சம் மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்.

சோதனைக்கு எடுத்தது கொடிவேரி அணையில் அப்பா எடுத்த படம். தண்ணீர் விழுகிற இடத்தில் நுரை வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும். எனக்கு வருவது பால் கம்மியான டீ மாதிரி. மஞ்சள் ஃபில்டரைக் குறைத்துக்கொண்டே போனேன். இப்போது பாறை, மரநிழல் எல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது, நுரை மட்டும் அப்படியே மஞ்சள். இதுவரை 22 தாள் போச்சு. எங்கே தப்பு?

காந்திபுரம்40:

இத்தனை பாடு எதுக்குங்க? ஸ்கேன் பண்ணி லேபில் குடுத்தா அரை நாளில் வேலை முடிஞ்சுது.

கோபிக்காரன்:

ஸ்கேன் ஏற்கெனவே இருக்குதுங்க. இது ஆசைக்குச் செய்கிறது.

பம்ப்செட்:

சாயங்காலம் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் விழும். என்லார்ஜர் பல்பு மங்கினால் வெளிச்சம் மஞ்சளடிக்கும், தாளுக்குத் தாள் கலர் மாறும். ஒரு ஸ்டெபிலைசர் போடுங்க, நம்ம ஊரில் செய்யாததா?

கோபிக்காரன்:

ஸ்டெபிலைசர் முதல் நாளிலிருந்தே இருக்குதுங்ணா. என்லார்ஜருக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். ஒரே ஃபில்டரில் போட்ட இரண்டு தாளும் ஒரே மாதிரிதான் வருகின்றன.

பழைய ஸ்டுடியோ, ஈரோடு:

தம்பி, ஃபில்டர் மேல் இருந்து கையை எடுங்க. நிழல் நீலம், வெள்ளை மஞ்சள் என்று இரண்டும் ஒரே தாளில் எதிரெதிராகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃபில்டரைத் திருப்பினால் படம் முழுக்க ஒரே பக்கம் நகரும். நுரை நகரவில்லை என்றால் அது வெளிச்சத்தின் தப்பாக இருக்காது.

இரண்டு துண்டுத் தாள் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்லைடு வேண்டாம், என்லார்ஜரும் வேண்டாம். ஒன்றை ரூம் லைட்டில் நன்றாகக் காட்டிவிட்டு, முதல் டெவலப்பரிலிருந்து கடைசிக் கழுவல் வரை வழக்கம்போல எல்லாம் செய்யுங்கள். அது சுத்த வெள்ளையாக வர வேண்டும். இன்னொன்றுக்கு வெளிச்சமே காட்டாமல், உங்கள் வழக்கமான இடத்தில் வழக்கமான நேரம் வைத்திருந்து, பிறகு அதே சுற்று. அது நல்ல கறுப்பாக வர வேண்டும். ரிவர்ஸலில் வெளிச்சம் பட்டது வெளுக்கும், படாதது கறுக்கும், அவ்வளவுதான் கணக்கு. இந்த இரண்டும் சரியாக வரும்வரை படம் போடாதீர்கள். நான் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபோட்டோ பேப்பரில் கை பழகியவன். கலரில் நான் கெடுத்த தாளை அடுக்கினால் உங்கள் 22 ஒன்றுமே இல்லை.

ஷேட்மேட்ச் திருப்பூர்:

ஒரு சின்ன விஷயம். ஈரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. இந்தப் பேப்பர் ஈரத்தில் கொஞ்சம் நீலமாகத் தெரியும், ஹேர் டிரையரில் காயவிட்டுப் பாருங்க. வெளிச்சமும் முக்கியம். எங்க டையிங் லேபில் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சத்துக்கு இணையான விளக்கு) போடாமல் எந்த ஷேடையும் பாஸ் பண்ண மாட்டோம். ட்யூப்லைட்டில் சரி என்ற பச்சை வெயிலில் வேறு பச்சையாக நிற்கும். லைட் பாக்ஸ் இல்லாவிட்டால் காலை பத்து மணிக்கு வடக்கு பார்த்த ஜன்னல் போதும்.

கோபிக்காரன்:

இரண்டும் செய்து, காயவைத்து, ஜன்னலில் பார்த்தேன்.

வெள்ளைத் துண்டு: வெள்ளை இல்லை. மோர்க்குழம்பு. முழுக்க ஒரே சீரான மஞ்சள்.

கறுப்புத் துண்டு: பாதிக்கு மேல் நல்ல கறுப்பு. ஆனால் ஒரு ஓரம் மட்டும் செம்பட்டை பாய்ந்த கறுப்பு, பழைய கருப்பட்டி மாதிரி. இதைப் படத்தில் நான் கவனிக்கவே இல்லை.

பழைய ஸ்டுடியோ, ஈரோடு:

ரெண்டு திருடன் சிக்கினான்.

முதல் திருடன், மஞ்சள். பாட்டிலில் போட்ட 1+9, ஒரு நிமிடம் என்பது கறுப்பு வெள்ளைப் பேப்பருக்கான கணக்கு. அங்கே டெவலப் ஆகாமல் மிச்சமாகும் வெள்ளி உப்பை ஃபிக்ஸர் கரைத்துக்கொண்டு போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. இங்கே முதல் டெவலப்பர் விட்டுவைத்தது அத்தனையும் அடுத்து கலர் டெவலப்பரில் போய் சாயமாக நிற்கும். மிச்சம் வைக்கவே கூடாது. அது ஏன் மஞ்சளாக? இந்தப் பேப்பரில் மேலே சயான் (நீலப்பச்சைச் சாயம்) அடுக்கு, நடுவில் மெஜந்தா, அடியில் மஞ்சள். நீர்த்த டெவலப்பர் மேலிரண்டையும் முடித்துவிட்டு அடிக்குப் போகும்போது தெம்பு தீர்ந்துபோகிறது. மேல் மாவு வெந்து, அடிமாவு வேகாத இட்லி.

கெட்டியாகக் கலந்து, மூன்று நிமிடம் போடுங்கள். வாங்கின பாட்டில் வேண்டாம் என்றால் நானே கலக்கும் டி72 பேப்பர் டெவலப்பரின் கணக்கு: 50 டிகிரி வெந்நீர் முக்கால் லிட்டர், அதில் மெட்டோல் 3 கிராம், சோடியம் சல்ஃபைட் 45, ஹைட்ரோகுவினோன் 12, சோடா ஆஷ் 68, பொட்டாசியம் புரோமைடு 2. இதே வரிசையில், ஒன்று கரைந்த பிறகே அடுத்தது. அப்புறம் ஒரு லிட்டராக்கி, ஆறவிட்டு, சம அளவு தண்ணீர் சேர்த்துப் பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பால் மாதிரி கலங்கும், கேன் தண்ணீர் எடுங்கள். நாலைந்து தாளுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள்.

இரண்டாம் திருடன் உங்கள் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். ரிவர்ஸலில் கறுப்பு சிவந்தால் சயான் குறைந்திருக்கிறது. அந்த அடுக்குக்குத்தான் சிவப்பு வெளிச்சம் உறைக்கும், அதாவது எங்கிருந்தோ சிவப்பு வெளிச்சம் பட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு வைக்கும் சிவப்பு பல்பு வைத்திருக்கிறீர்களா? கலர் பேப்பருக்கு அது ஆகாது.

கோபிக்காரன்:

பல்பு இல்லவே இல்லைங்க ஐயா. நிஜ இருட்டில்தான் வேலை.

பழைய ஸ்டுடியோ, ஈரோடு:

கதவைச் சாத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். கண் பழகின பிறகு சொல்லுங்கள்.

கோபிக்காரன்:

ஸ்டெபிலைசரேதாங்க! அதன் முகப்பில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு எல்.ஈ.டி. நேராக, பேப்பரைப் பிடித்துவைக்கும் சட்டமான ஈசலின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லைட்டை அணைத்த உடனே கண்ணுக்குத் தெரியவில்லை, ஏழெட்டு நிமிடம் ஆன பிறகு ஈசலின் விளிம்பே தெரிகிறது.

பம்ப்செட்:

நான் ஸ்டெபிலைசர் வேணும்னு சொன்னது தப்பில்லையே? மேலே ஒரு கறுப்பு டேப் ஒட்டுங்க.

ஷேட்மேட்ச் திருப்பூர்:

சோடா ஆஷும் அசெட்டிக் ஆசிடும் நம்ம பக்கம் சாயக் கெமிக்கல் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊத்தணும், தண்ணீரை ஆசிட்டில் ஊத்தக் கூடாது.

அப்புறம், தீர்ந்துபோன பிளீச் ஃபிக்ஸைச் சாக்கடையில் விட்டுடாதீங்க. அதில் வெள்ளி இருக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். நொய்யலுக்கு நாம செஞ்சதைப் பவானிக்கு நீங்க செய்ய வேண்டாம். ஒரு கேனில் சேர்த்து வைங்க.

கோபிக்காரன்:

சரிங்க அக்கா, கேன் வைத்துவிட்டேன்.

இன்றைய நிலவரம்: டேப் ஒட்டியாச்சு. டி72 சம அளவு தண்ணீரில், மூன்று நிமிடம். வெள்ளைத் துண்டு வேட்டி வெள்ளை. தாளின் பின்பக்கத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. கறுப்புத் துண்டு ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கறுப்பு. குறைத்திருந்த மஞ்சள் ஃபில்டரை மறுபடி ஏற்றினேன், நீலம் போய்விட்டது. கொடிவேரி நுரை நுரையாக இருக்கிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. படத்தில் புளியமரத்தடியில் அம்மா நிற்கிறார். ஸ்லைடை லூப்பில் (பூதக்கண்ணாடி) பார்த்தால் மூக்குத்தி வரை தெரிகிறது. பிரின்ட்டில் முகம் இருட்டு. ஒளியைக் கூட்டினால் முகம் வருகிறது, நுரை காணாமல் போகிறது.

பழைய ஸ்டுடியோ, ஈரோடு:

அது தப்பில்லை, இந்த முறையின் குணம். சிபாகுரோமிலும் இதே தொல்லைதான், நிழல் கறுத்துவிடும் என்று ஸ்லைடோடு கறுப்பு வெள்ளை மாஸ்க் சேர்த்து வைத்துப் போடுவார்கள். நீங்கள் முதலில் ஃப்ளாஷ் பண்ணிப் பாருங்கள். ஸ்லைடை எடுத்துவிட்டு, ஃபில்டர் அப்படியே இருக்க, லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கி, ஒரு துண்டுத் தாளில் அரை நொடி, ஒரு நொடி, ஒன்றரை நொடி என்று படிப்படியாக வெளிச்சம் காட்டுங்கள். கறுப்பு எந்தப் படியில் முதன்முதலாகச் சாம்பலாகத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி முன்னால் உள்ள நேரம் உங்களுடையது. படம் காட்டும் முன் தாளுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். நுரைக்கு அந்தத் துளி வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை, நிழலுக்குப் பெரிய உதவி.

கோபிக்காரன்:

ஒரு நொடியில் சிக்கியது. முகம் வந்துவிட்டது. மூக்குத்தி இன்னும் வரவில்லை, நாளைக்குக் கொஞ்சம் பெரிய தாளில் போடுகிறேன். அம்மா காய்ந்த பிரின்ட்டைக் கையில் வாங்கி, அந்தப் புடவை இந்த நிறமே இல்லை, அது அரக்கு என்கிறார். ஸ்லைடில் மெரூன்தான் தெரிகிறது.

ஷேட்மேட்ச் திருப்பூர்:

புடவை வீட்டில் இருக்கா?

கோபிக்காரன்:

பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார்.