யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு: இந்த ஒரே பெயரை எங்கெல்லாம் சந்தித்தீர்கள்?

வழிப்போக்கன்:
ஓர் அருங்காட்சியகத்தில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் காலத்து நாணயம் ஒன்றைப் பார்த்தேன். விளக்க அட்டையில் ஜேம்ஸ் என்றிருக்கிறது. நாணயத்தின் விளிம்பிலோ லத்தீனில் 'யாக்கோபுஸ்'. அட்டை இடம் மாறிவிட்டதா என்று பக்கத்தில் நின்றவர் காவலரிடம் கேட்டேவிட்டார். மாறவில்லை. எபிரேய யாக்கோவ், கிரேக்கத்தில் யாக்கோபோஸ், லத்தீனில் யாக்கோபுஸ். பிற்கால லத்தீனில் 'ப' என்ற உதட்டொலி இன்னோர் உதட்டொலியான 'ம' ஆகி, 'யாக்கோமுஸ்' என்று ஒரு கிளை பிரிந்தது. இத்தாலியரின் ஜாகோமோ, ஸ்பானியரின் ஹைமே, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ஜேம்ஸ் எல்லாம் அந்தக் கிளைதான். ஆங்கில பைபிளில் பழைய ஏற்பாட்டுக்காரர் ஜேக்கப், புதிய ஏற்பாட்டுக்காரர்கள் ஜேம்ஸ். தமிழில் எல்லோரும் யாக்கோபுதான். உங்களுக்கு எங்கே தட்டுப்பட்டது?

ஏட்டுப்புழு:
வரலாற்று நூல்களின் மொழிபெயர்ப்பைச் செப்பனிடுவது என் வேலை. இந்தப் பெயர் எனக்குத் தீராத தலைவலி. 1688இல் அரியணை பறிபோன இரண்டாம் ஜேம்ஸின் வம்சத்துக்காக, 1746இல் ஸ்காட்லாந்தின் கல்லோடன் போரில் நொறுங்கும்வரை போராடியவர்கள் ஜாக்கோபைட்டுகள். பிரெஞ்சுப் புரட்சியின் தீவிர அணியான ஜாக்கோபின்கள் கூடியது டொமினிக்கன் துறவிகளின் மடத்தில். அந்தத் துறவிகளின் முதல் பாரிஸ் இல்லம் சேன் ழாக் தெருவில் இருந்ததால் அவர்களுக்கு ஜாக்கோபின் என்று பெயர். ழாக் என்பதும் யாக்கோபுதான். ஆக, மன்னருக்காக உயிரை விட்டவர்களுக்கும் மன்னரின் தலையை வாங்கியவர்களுக்கும் ஒரே பெயர்! போதாதென்று, 6ஆம் நூற்றாண்டு ஆயர் யாக்கோபு பரதேயுவின் பெயரால் அழைக்கப்படும் சிரியத் திருச்சபை யாக்கோபியர் வேறு. ஸ்காட்லாந்துக் கிளர்ச்சியாளர்களை 'யாக்கோபியர்' என்றே எழுதிய கைப்பிரதி ஒன்று என்னிடம் வந்தது. வாசகர் நேராகச் சிரியாவுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

கால்வலி:
ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நோக்கிய யாத்திரைப் பாதையில் நடந்தபோது ஹேமிஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் துணைக்கு வந்தார். "நாம் என் பெயர்க்காரரின் கல்லறைக்குத்தான் போகிறோம்" என்றார். கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். சந்தியாகோ என்பது 'சந்த் யாகோ', அதாவது புனித யாக்கோபு, இரண்டும் ஒட்டிக்கொண்ட வடிவம், அது தெரியும். ஹேமிஷ் எப்படி? ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் யாக்கோபு, ஷேமஸ் ஆகிறார்; அவரைக் கூப்பிடும்போது முதல் ஒலி 'ஹ' ஆகிவிடுமாம். அந்த விளி வடிவத்தையே ஆங்கிலத்தார் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கண்ணன் என்பவரைப் பதிவேட்டில் 'கண்ணா' என்று ஏற்றியது போல. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த நம் சந்தியாகுவும் இதே சந்தியாகோதான் என்றேன்; அன்று முழுவதும் அவர் என்னைச் 'சந்தியாகு' என்றே கூப்பிட்டார். என் பெயர் அதுவல்ல.

நடுநிசி:
என் பெயர் யாகூப். எங்கள் குழுவில் ஆர்மேனியர் ஒருவர் ஹாக்கோப், மலையாளி ஒருவர் சாக்கோ. மூவரும் ஒரே பெயர்க்காரர்கள் என்று தெரிந்தபின் மேலாளர் மின்னஞ்சலில் எங்களை 'முதலாம், இரண்டாம், மூன்றாம்' என்று குறிப்பிடத் தொடங்கிவிட்டார். ஒரு பெருமை மட்டும் எனக்கு உண்டு: எபிரேயத்தின் தொண்டையொலி கிரேக்கத்தில் காணாமல் போனது, அரபில் அப்படியே நிற்கிறது. நான் முதலாமவனாக்கும்.

வழிப்போக்கன்:
பெயரின் பொருளைத் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஆதியாகமத்தின்படி, இரட்டையரில் மூத்தவனான ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் அந்தப் பெயர், எபிரேயத்தில் 'அகேவ்' என்றால் குதிகால். 'கடவுள் காப்பாராக' என்ற நீண்ட பெயரின் சுருக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எகிப்தில் கிடைத்த வண்டு வடிவ முத்திரைகளில் யாகூப்-ஹர் என்று, யாகூபோடு இன்னொரு சொல் சேர்ந்த நீண்ட மன்னர் பெயரே இருப்பதால், எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது. இன்னொருவர் ஜாக்கையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். முடியாது. ழாக் போல ஒலித்தாலும் ஆங்கில ஜாக், ஜானின் செல்லப்பெயர். யோவானுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.