மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டால்: இலவச சட்ட உதவி நடைமுறையில் எப்படி நடக்கிறது?

பேனல் வக்கீல், மாவட்ட நீதிமன்றம்

இலவச சட்ட உதவிக்காக ஒதுக்கப்படும் என்னைப் போன்ற பேனல் வக்கீலால் என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கையில் இருக்கும் தாளைப் பொறுத்தது. "உங்களுக்கெல்லாம் வராதும்மா" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வாயால் சொன்னதை எதிர்த்து எங்கும் மேல்முறையீடு போட முடியாது. அதனால் முதல் வேலை, மறுப்பை எழுத்தில் வாங்குவது.

மனுவைக் கையில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள். தபாலில் என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பலர் சறுக்குவது கேள்வியில்தான். "எனக்கு ஏன் தரவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தர இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், வி.ஏ.ஓ. அறிக்கையின் நகல், வருவாய் ஆய்வாளர் அறிக்கையின் நகல், நிராகரிப்பு ஆணையின் நகல். வழக்கின் உயிர் அந்தக் குறிப்புப் பக்கங்களில் இருக்கும். "மகன் ஆதரிக்கிறார்" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த மகன் எங்கே இருக்கிறார், என்ன சம்பாதிக்கிறார் என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எந்தத் துறை மறுத்தது என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு, வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. முதலாவது 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2000 ரூபாயானது. இரண்டாவது அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து 1500 ஆனது. முதலாவதுக்குப் போக வேண்டியவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், இரண்டாவதுக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. வழக்கில் தவறான அதிகாரியை எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டால், அதைத் திருத்துவதற்குள்ளேயே வாய்தா மேல் வாய்தா போய்விடும்.

மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொறுப்பாளர்

தோழர் சொன்னதோடு மருத்துவச் சான்றையும் சேர்த்துப் பாருங்கள். மறுப்புக்கான வேர் பல நேரம் அலுவலகத்தில் இல்லை, சதவீதத்தில் இருக்கிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் அடிப்படை. ஆனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்புத் தொகைக்கு 75 வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் ஆகிய பிரிவுகளுக்கு 40 போதும். மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80, அதோடு வறுமைக்கோட்டுப் பட்டியல். ஆக, 60 சதவீதச் சான்றை வைத்துக்கொண்டு 75 கேட்கும் திட்டத்துக்கு வழக்குப் போடுவது வீண் அலைச்சல். அங்கே போராட வேண்டியது சான்றோடு.

ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு இரண்டையும் அப்படியே கூட்டாது. பெரிய எண்ணை 'அ' என்றும் சிறியதை 'ஆ' என்றும் வைத்தால், கணக்கு இதுதான்: அ + ஆ × (90 − அ) ÷ 90. கால் குறைபாடு 60, கை குறைபாடு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 × 30 ÷ 90 = 10. மொத்தம் 70, விண்ணப்பம் நிராகரிப்பு. "60ம் 30ம் 90 ஆச்சே" என்று வாதாடிப் பயனில்லை. அதே ஆளுக்குக் கை குறைபாடு 45 என்று அளந்திருந்தால் 45 × 30 ÷ 90 = 15, மொத்தம் சரியாக 75. எனவே மேல்முறையீட்டில் கேட்க வேண்டியது "மொத்தத்தை உயர்த்துங்கள்" என்பதல்ல, "கையை மறுபடி அளங்கள், மூட்டு அசைவு, பிடிமான வலு, இந்த அறிக்கைகளைப் பாருங்கள்" என்பது. இரண்டில் எது கணக்கில் விட்டுப்போயிற்று என்பதையும் பாருங்கள். காலை மட்டும் பார்த்துவிட்டுக் கையைக் குறிக்காமல் விட்ட சான்றுகள் உண்டு.

சான்று வழங்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. சான்று தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. மேல்முறையீட்டோடு வெறும் வேண்டுகோள் கடிதம் வைக்காதீர்கள். செவித்திறன் என்றால் புதிய ஆடியோகிராம், பார்வை என்றால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி அளவு, மனநலம் என்றால் தொடர் சிகிச்சைப் பதிவேடு. ஒரு கண் முற்றிலும் போய், மறு கண் நன்றாக இருந்தால் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி 30 சதவீதம்தான். இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. தெரியாமல் மேல்முறையீட்டுக்கு அலைபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சட்டத் தன்னார்வலர்

சட்ட உதவி கேட்கிற இடத்தைப் பற்றி எழுதுகிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளி என்பதே தகுதி, வருமான வரம்பு கிடையாது. "வருமானச் சான்று கொண்டுவா" என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றே மறுக்கப்பட்டவருக்குத்தான் சிக்கல், தகுதிக்குக் காட்ட எதுவும் இருக்காது. அவர் வேறு வாசல் வழியாக வரலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கும் வருமான வரம்பு இல்லை. மற்றவர்கள் வருமான வரம்புக்குள் வரவேண்டும், அதற்கு உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளலாம் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது.

ஒதுக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக்கூடாது, "டைப்பிங் செலவு" என்ற பெயரிலும் கூடாது. கேட்டாலோ, வழக்கைக் கவனிக்காமல் விட்டாலோ, ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். கொண்டுபோக வேண்டியவை: சான்று அல்லது தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, மனு நகல்கள், மறுப்பு ஆணை. இவற்றோடு ஒரே பக்கத்தில் தேதி வாரியாக எழுதிய குறிப்பும். அந்த ஒரு பக்கம் இருந்தால் வக்கீல் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்.

ஒரு தாய்

ஐயா, 18 வயது தாண்டிய, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வக்காலத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

பேனல் வக்கீல், மாவட்ட நீதிமன்றம்

நீங்களே போடலாம் அம்மா. தன் நலனைத் தானே காத்துக்கொள்ள இயலாதவர் சார்பில் 'அடுத்த நண்பர்' வழக்கு நடத்த உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32, விதி 15 வழி செய்கிறது. வங்கி பாதுகாவலர் சான்று கேட்டால் அது தனி வேலை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மனநோய் இந்தச் சட்டத்தில் வராது.

மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொறுப்பாளர்

வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோனால் உடனே வக்கீலைத் தேட வேண்டாம். ஆதார் வழியாகச் செலுத்தப்படும் தொகை, கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும்போது ஆதாரை இணைத்திருந்தால் பணம் அங்கே கிடக்கலாம். அங்கேயும் இல்லை, நோட்டீஸ் எதுவும் தராமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அது வழக்குக்குரிய விஷயம்.

பேனல் வக்கீல், மாவட்ட நீதிமன்றம்

ஆமாம் தோழர். விளக்கம் கேட்காமல் நிறுத்தியது இயற்கை நீதிக்கு விரோதம் என்ற ஒரு வாதமே பல நேரம் போதும்.

உயர் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. விசாரணைக்கு ஆளை அழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி துறை அதன்மீது எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்க மறுத்தால் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அரசு அதிகாரியின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்கு அந்தக் காரணக் கடிதம் நல்ல ஆதாரம்.

ரிட் மனுவில் கோரிக்கைப் பகுதியை நீங்களே ஒருமுறை படியுங்கள். "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் இருந்தால், நீதிமன்றம் சில வாரம் கெடு கொடுத்துப் பரிசீலிக்கச் சொல்லும், அதிகாரி பரிசீலித்துப் பழைய காரணத்துக்கே மறுபடி நிராகரிப்பார். மனு கிடப்பில் கிடந்தால் அந்தக் கோரிக்கை சரி. மறுப்பு ஆணை ஏற்கனவே வந்துவிட்டதென்றால், அதை ரத்துசெய்து தொகை வழங்க உத்தரவிடும்படி கேட்கும் சர்ஷியோராரி மாண்டமஸ்தான் போட வேண்டும். விண்ணப்பித்த தேதியிலிருந்து நிலுவை வேண்டும் என்ற வரி தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் பொதுவாகத் தருவதில்லை. மாவட்ட ஆணைக்குழுவில் இருப்பவர்கள், ரிட் போடும் கட்டம் வந்தால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்னையா மதுரைக் கிளையா என்பது உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது.