கோழித்தொடை: எலும்படி சிவக்குது, கொழும்புக்கு அனுப்பினால் பழுதாகுது. உதவி வேணும்

கோண்டாவில்_மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். புரொயிலர் கோழியில தொடைத்துண்டு மட்டும் மொத்தமா வாங்கி வைக்கிறனான். நெஞ்சு இறைச்சி சக்கையாப் போயிடும், தொடை எண்டால் பிரட்டலுக்கும் பொரியலுக்கும் நல்லா வரும். ஆனா மூண்டு பிரச்சினை.

தூளும் உப்பும் பிரட்டி ஊறவிட்டுத் தாச்சியில பொரிச்சால் வெளியில கறுத்திடும், பிச்சால் எலும்புக்குக் கிட்டச் சிவப்பு. மாமி "பிள்ளை, இது பச்சையாக் கிடக்கு" எண்டு கோப்பையைத் தள்ளி வைச்சிடுவா. திருப்பிப் பொரிச்சாலும் சிவப்பு அப்பிடியே இருக்கு, இறைச்சிதான் காயுது.

பிரீசரில வைக்கிற துண்டெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கட்டியாகுது. இளக்கினால் தண்ணி ஓடிக் கறி சவசவ எண்டு வருது.

யாழ்ப்பாணத்தில இருந்து, கொழும்பு வெள்ளவத்தையில நிக்கிற தம்பிக்கு இரவு பஸ்ஸில கறி குடுத்து விடுறது. காலமை அவன் மூடியைத் திறக்க நுரை, புளிச்ச மணம். கொதிக்க வைச்சுச் சாப்பிடட்டோ எண்டு கேக்கிறான். என்ன சொல்லுறது?

சுன்னாகத்தான்:
தங்கச்சி, முதல் தம்பியிட்டச் சொல்லுங்கோ, கொதிக்க வைச்சாலும் சாப்பிட வேண்டாம், கொட்டச் சொல்லி. ஏன் பழுதாச்சுதெண்டு பாக்க ரெண்டு கேள்வி. கறிக்குத் தேங்காய் முதல்பால் விட்டீங்களோ? சூட்டோடயே மூடிக் கட்டினீங்களோ?

கோண்டாவில்_மருமகள்:
ஓம் அண்ணா, ரெண்டும் ஓம். பின்னேரம் இறக்கின சூட்டோட சம்படத்தில போட்டு மூடி, துவாயால சுத்திக் குடுத்தது. சூடா இருந்தால் பழுதாகாது எண்டு நினைச்சன்.

பண்ணைக்காரன்_கிளிநொச்சி:
சிவப்புக் கதையை நான் சொல்லுறன், இது எங்களிட்ட வாங்கிற ஆக்களும் ஓயாமக் கேக்கிறது. அது பச்சை இரத்தம் இல்லை. புரொயிலரை 35 – 42 நாளில வெட்டுறம். அந்த வயசில எலும்பு முத்தியிராது, நுண்ணிய துளையாத்தான் இருக்கும். எலும்புக்குள்ள இருக்கிற மெதுவான சதையை மச்சை எண்டுறது, அதின்ர நிறம் சமைக்கேக்க அந்தத் துளையால கசிஞ்சு எலும்படி இறைச்சியில பிடிக்கும். பிரீசரில வைச்ச துண்டெண்டால் இன்னும் கூட, ஏனெண்டால் உறையேக்க மச்சை வெடிச்சிடும். மாதக்கணக்கா முற்றத்தில ஓடித்திரிஞ்ச ஊர்க்கோழியில இதைக் காணுறது அருமை. அதைச் சாப்பிட்டுப் பழகின மாமிக்குப் பச்சையாத்தான் தெரியும், அவவிலயும் பிழை இல்லை.

ஆனா சிவப்பெல்லாம் மச்சைதான் எண்டு விட்டிடவும் கூடாது. உண்மையிலயே வேகாததும் சிவப்பாத்தான் இருக்கும். நிறத்தை வைச்சுத் தீர்ப்புச் சொல்லேலாது. குத்திப் பாக்கிற வெப்பமானி ஒண்டு வாங்குங்கோ. எலும்பில முட்டாமத் தடிச்ச இடத்தில குத்தி 74 பாகை செல்சியஸ் காட்டினால் கிருமிப் பயம் இல்லை. தொடைக்கு நான் அதோட நிப்பாட்ட மாட்டன், 80, 85 வரை விடுவன். நெஞ்சு அந்தச் சூட்டில மரக்கட்டை, தொடையோ அப்பத்தான் சவ்வெல்லாம் கரைஞ்சு இளகி வரும். வெப்பமானி இல்லாட்டி, எலும்பைப் பிடிச்சுத் திருப்பினால் இறைச்சியில இருந்து லேசாக் கழரோணும், இறைச்சி வழுவழுப்பா இல்லாம நார் நாராப் பிரியோணும்.

தாச்சிச்சமையல்:
பொரியலுக்கு என்ர முறை. எலும்பு வரைக்கும் ரெண்டு, மூண்டு வெட்டுப் போட்டு, மஞ்சள், உப்பு, உள்ளி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி பிரட்டி, அரைக் கோப்பைத் தண்ணியோட மூடி மெல்லிய நெருப்பில அவிய விடுங்கோ. தண்ணி வத்தட்டும். பிறகு மிளகாய்த்தூள் பிரட்டி, நல்லாக் காய்ஞ்ச எண்ணெயில நிறம் வாறவரைக்கும் போட்டு எடுத்தால் சரி. பச்சையா எண்ணெயில போட்டால் எங்கட கறித்தூள் முதல் கருகும், அதில கொத்தமல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் ஏற்கெனவே வறுத்ததெல்லோ.

எலும்படி சிவப்பு மாமியின்ர கண்ணில படக்கூடாதெண்டால், எலும்பை எடுத்திட்டுச் சமையுங்கோ. அதுக்கு மேல விளக்கம் தேவையில்லை 😀

நல்லூர்_அம்மம்மா:
பிள்ளையள், இதுக்கேன் இவ்வளவு ஆராய்ச்சி. நல்லாப் பொரிச்சு, போத்தலில போட்டு, மூடுமட்டும் நல்லெண்ணெய் விட்டால் வெளியில வைச்சே ஒரு மாதம் நிக்கும். காத்துப் படாட்டிப் பழுதாகாது.

உணவுத்தொழில்நுட்பம்_படிச்சவன்:
அம்மம்மா, கோவிக்காதேங்கோ, இதில மட்டும் நான் குறுக்க நிக்கிறன். காத்துப் படாத இடத்திலதான் பொட்டுலினம் எண்ட நஞ்சைச் செய்யிற கிருமி வளரும். அதின்ர வித்துகள் 100 பாகைக் கொதியிலயும் சாகாது. எண்ணெய்க்குள்ள இறைச்சி, புளி காணாது, உப்புக் காணாது, யாழ்ப்பாணத்து வெக்கை: அதுக்கு வேற என்ன வேணும்? மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். எண்ணெய் விட்டு வைக்க விருப்பமெண்டால் பிரிட்ஜுக்குள்ள, 3, 4 நாளுக்குள்ள முடிக்கோணும். வினாகிரி விட்ட கோழி ஊறுகாயும் அப்பிடித்தான், புளிப்பு எலும்படி வரைக்கும் போனதோ எண்டு வீட்டில பாக்க வழியில்லை.

வெயிலில வத்தல் போடுற கதையும் வரும், அதுக்கும் முன்னுக்கே சொல்லுறன். ஆட்டிறைச்சியை மெல்லிசாக் கீறி உப்புப் பூசிக் காயவிடலாம். தொடையில கொழுப்பும் தோலும் கூட, காயமுதலே சிக்கு மணம் பிடிக்கும்.

தம்பி கேட்டதுக்கும் பதில் இதிலயே இருக்கு. பழுதான சாப்பாட்டைக் கொதிக்க வைச்சால் கிருமி சாகும், ஆனா சில கிருமி முன்னமே விட்ட நஞ்சு கொதியிலயும் அழியாது.

நல்லூர்_அம்மம்மா:
அப்ப அந்த நாளில நாங்கள் எல்லாம் எப்பிடி இருந்தனாங்கள்? சரி, சரி. அண்டைக்குப் பிரிட்ஜ் இல்லை, இண்டைக்கு இருக்கு. வையுங்கோ.

சுன்னாகத்தான்:
இனிப் பஸ் விசயம். நான் மகளுக்குக் கொழும்புக்கு அனுப்பிறனான், இதுவரை பிழைக்கேல்லை.

கறிக்குப் பால் விடாதேங்கோ. பிரட்டலா நல்லா வத்த வைச்சு இறக்குங்கோ. பால் வேணுமெண்டால் தம்பி அங்க தேங்காய்ப்பால்மாவோ பெட்டித் தேங்காய்ப்பாலோ விட்டுக் கொதிப்பிக்கட்டும். இறக்கினதும் அகண்ட தட்டில பரப்பி ஆறவிடுங்கோ. ஆழச் சட்டியில நடுப்பகுதி கனநேரம் இளஞ்சூடாவே கிடக்கும், 5 – 60 பாகைக்கு இடையிலதான் கிருமி பெருகுது. துவாய் சுத்தினது அந்தச் சூட்டை விடியும்வரை காப்பாத்திக் குடுத்திருக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிட்ஜுக்குள்ள போகோணும், வெக்கை 32 பாகைக்கு மேல எண்டால் ஒரு மணித்தியாலம்.

பிறகு தடிச்ச பையில காத்தை அமத்தி வெளியேத்தி, பலகை போலத் தட்டையா உறைய விடுங்கோ. அனுப்பிறதுக்கு ஒரு நாள் முந்தியே சமைச்சு முடிச்சிருக்கோணும். பஸ்ஸுக்குப் போகேக்க ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை, தெர்மோகோல்) பெட்டியில பை, அதுக்கு ரெண்டு பக்கமும் உறைஞ்ச தண்ணிப்போத்தல், மிச்ச இடத்துக்குக் கசக்கின பேப்பர், மூடி மேல டேப். காலமை தொட்டுப் பாக்கையில ஐஸ் இருந்தால் பிரீசருக்குள்ள வைக்கலாம். இளகி ஆனா பிரிட்ஜ் குளிர் இருந்தால் அண்டைக்கே கொதிப்பிச்சுச் சாப்பிடோணும். குளிர் இல்லாட்டி யோசிக்காமக் கொட்டச் சொல்லுங்கோ.

தாச்சிச்சமையல்:
பச்சை இறைச்சி ஒட்டிக் கட்டியாகிறதுக்கு: துண்டுகளைத் துடைச்சுத் தட்டில ஒண்டுக்கொண்டு முட்டாம அடுக்கி உறையவிட்டு, பிறகு ஒரு நேரச் சமையலுக்குக் காணுமான அளவில பையில போடுங்கோ. பிரீசர் மறை 18 (–18) பாகையில இருக்கட்டும். இளக்கிறது பிரிட்ஜின்ர கீழ்த்தட்டில, ஒரு கோப்பைக்குள்ள வைச்சு, இரவு முழுக்க. குசினி மேசையில வேண்டாம். ஓடின தண்ணியை ஊத்திப்போட்டு இறைச்சியைத் துடைச்சிட்டுத் தூள் பிரட்டினால் கறி சவசவக்காது. வெளியில இளகினதைத் திருப்பி உறைய விடாதேங்கோ.

பண்ணைக்காரன்_கிளிநொச்சி:
கரண்ட் போனால் பிரீசரைத் திறந்து திறந்து பாக்காதேங்கோ. நிறைஞ்ச பிரீசர் திறக்காம இருந்தால் 48 மணித்தியாலம் வரை தாங்கும், அரைவாசி எண்டால் 24. கீழ்ப் பிரிட்ஜ் 4 மணித்தியாலந்தான்.

கோண்டாவில்_மருமகள்:
எல்லாருக்கும் பெரிய உபகாரம். தாச்சி அக்கா சொன்ன மாதிரி அவிச்சுப் பொரிச்சன். மாமி எலும்படியை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, "இன்னும் சிவப்பு" எண்டா, ஆனா ரெண்டு துண்டு சாப்பிட்டா. வெப்பமானி தேடுறன். ரெஜிபோம் பெட்டி எங்க எடுக்கிறது அண்ணா?

சுன்னாகத்தான்:
மீன் விக்கிற ஆக்களிட்டப் பழசு கிடக்கும், ஆனா எவ்வளவு கழுவினாலும் மணம் போகாது. புதுசே வாங்குங்கோ, தம்பி திருப்பி அனுப்பினால் கனகாலம் பாவிக்கலாம்.