அயல்நாட்டு நூலகத்தில் புத்தகம் இறங்கவில்லை, அவசரம்

கோபி அக்கா: தம்பிக்குப் பார்வை கிடையாது. வெளிநாட்டு இணைய நூலகம் ஒன்றில் உறுப்பினர். போன மாதம்வரை இறங்கிய புத்தகங்களுக்கு இப்போது "உங்கள் நாட்டில் கிடைக்காது" என்று வருகிறது. தேர்வு நெருங்குகிறது. வழி சொல்லுங்கள்.

நொய்யல்கரை: எல்லாப் புத்தகங்களுமா, சிலவா? கணக்கு எந்த நாட்டு முகவரியில் இருக்கிறது?

அந்தியூர் சந்தை: ரூட்டரை அணைத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து.

ஈங்கூர் வாத்தியார்: அம்மணி, கேட்கும் முன் மரகேஷ் உடன்படிக்கையைப் படித்திருக்கலாம். 2013இல் ஏற்கப்பட்டது. 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. பார்வையற்றோருக்கான பிரதிகளை எல்லை தாண்டி அனுப்பலாம். இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நொய்யல்கரை: அனுப்பலாம், சரி. அனுப்பியே தீர வேண்டும் என்று எங்கே இருக்கிறது, ஐயா? பதிப்பாளரே கொடுத்த கோப்பு என்றால், எந்தெந்த நாட்டுக்கு என்பது அவருடைய ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால்தான் ஒன்று திறக்கிறது, பக்கத்திலிருப்பது திறப்பதில்லை.

அந்தியூர் சந்தை: கணினி வாசித்துக் காட்டும் அந்த இயந்திரக் குரலில் கேட்டு என்ன படிப்பு? மனிதர் வாசித்தால்தான் மனதில் நிற்கும்.

காங்கேயத்தான்: எனக்கும் பார்வை இல்லை. பாடப் புத்தகத்தை இயந்திரக் குரலில் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறேன். கதைக்கு மட்டும் மனிதக் குரல்.

ஈங்கூர் வாத்தியார்: பிரெயில் தொடாதவன் எழுத்தறிந்தவன் ஆகமாட்டான்.

காங்கேயத்தான்: எனக்குப் பார்வை போனது முப்பது வயதில். விரல் பழகவில்லை. அதற்காக நான் கைநாட்டா?

கோபி அக்கா: சொல்ல மறந்துவிட்டேன். தம்பி மலேசியாவில் இருந்தான். ஊர் திரும்பியதும் முகவரியை மாற்றினான். சில புத்தகங்கள் மட்டும்தான் வரவில்லை.

நொய்யல்கரை: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ரூட்டர் பிழைத்திருக்கும்.

ஈங்கூர் வாத்தியார்: மலேசியா உடன்படிக்கையிலேயே இல்லையே?

நொய்யல்கரை: 2022இல் சேர்ந்துவிட்டது, ஐயா. இங்கே சிக்கல் அதுவும் அல்ல. அக்கா, பழைய முகவரிக்கு மாற்றி ஏமாற்ற வேண்டாம். வராத தலைப்புகளைப் பட்டியலிட்டு அந்த நூலகத்துக்கு எழுதுங்கள்.

காங்கேயத்தான்: சுகம்ய புஸ்தகாலயாவிலும் தேடுங்கள், பார்வையற்றோருக்கான நம் நாட்டு இணைய நூலகம். அங்கும் இல்லையென்றால் அச்சுப் புத்தகத்தை வாங்கி ஸ்கேன் செய்து கொடுங்கள். தம்பியின் சொந்தப் படிப்புக்கு அதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது, 2012 திருத்தத்திலிருந்து.

கோபி அக்கா (ஒன்பது நாள் கழித்து): நான்கில் இரண்டு சுகம்யவில் கிடைத்தன. ஒன்றை ஸ்கேன் செய்தோம். மிச்சத்தை நானே வாசிக்கிறேன், தொண்டை கட்டிவிட்டது. நன்றி.