ஆரி வேலையும் முடக்குவாதமும்: ஆர்டருக்கு எப்படித் தேதி சொல்கிறீர்கள்?

ஊசிமுனை (கும்பகோணம்)

வணக்கம். வீட்டிலேயே ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை) செய்து கொடுக்கிறேன், பெரும்பாலும் கல்யாண பிளவுஸ். முடக்குவாதம் இருக்கிறது, ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் வகை. மருத்துவரிடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் வைத்தியம் கேட்டு வரவில்லை. முடக்கத்தான் தோசை சொல்ல நினைப்பவர்களுக்கு: மாமியார் புண்ணியத்தில் வாரம் தவறாமல் அதுதான் டிபன்.

என் சிக்கல் தேதி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. காபி டம்ளரை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிப்பேன். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். ஊசி பிடிக்கும் வலது கட்டைவிரல் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். இடது கை துணிக்கு அடியில் நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அந்த மணிக்கட்டு யார் கண்ணிலும் படாமல் வீங்கிக்கொள்ளும். ஒரு நாள் பிளவுஸின் ஒரு கை முழுக்க ஜர்தோசி (ஜரிகைச் சுருள் வேலை) நிரப்பிவிடுவேன். மறுநாள் சங்கிலித் தையலில் ஒரு கொடிகூட ஓடாது. எந்த நாள் எப்படி விடியும் என்று முதல் நாள் ராத்திரிகூடத் தெரியாது.

வைகாசியும் ஆவணியும் வந்தால் போன் ஓயாது. வேண்டாம் என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். வலி என்றால் "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். கைத்தொழில் செய்கிறவர்களில் இப்படி வலியோடு இருப்பவர்கள் இங்கே உண்டா? கஸ்டமரிடம் நோயைச் சொல்வீர்களா?

தங்கரேக்கு

தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன், இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. நான் நோயைச் சொல்வதில்லை, தேதியை மட்டும்தான் சொல்வேன். மூன்று வாரத்தில் முடிகிற படத்துக்கு ஆறு வாரம். எனக்கு ஒரு வசதி, மக்கு (படத்தில் புடைப்பாக வைக்கும் சுண்ணப் பசை) காயும்வரை படத்தைத் தொட முடியாது. அது காயும், நான் படுப்பேன். உங்கள் வேலையில் அப்படி எதுவும் காயாது, அதனால் ஓய்வை நீங்களேதான் கணக்கில் சேர்க்க வேண்டும். இரக்கப்பட்டு ஆர்டர் கொடுப்பவர் பேரமும் சேர்த்துப் பேசுவார், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஈரோடு ஆரி

அக்கா, முகூர்த்தத் தேதியைக் கேட்காதீங்க. டெய்லர் கைக்குத் துணி போக வேண்டிய தேதியைக் கேளுங்க. முகூர்த்தத்தைச் சொல்லிவிட்டு, தைக்கிற நாளையும் நம் தலையில்தான் கட்டுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் நீங்களே போடணும்னு என்ன இருக்கு? டிசைன் பதிப்பது, ஓரக்கொடி, கழுத்து வளைவு, இது மூன்றும் என் கை. பீட்ஸ் நிரப்புவது, கல் ஒட்டுவது பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். பீஸ் கணக்கில் கூலி. ஊசிப் பிடியில் பழைய காட்டன் துணியைச் சுற்றி நூல் கட்டிவிடுங்க, பிடி தடிமனானால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. தரையில் உட்காராமல் ஸ்டாண்டை முழங்கை உயரத்துக்கு ஏற்றினாலே எனக்குத் தோள்வலி பாதி போச்சு.

கவுன்ட்டருக்குப் பின்னால்

மருந்தகத்தில் வேலை. வைத்தியம் வேண்டாம் என்றீர்கள், ஆனால் இரண்டு விஷயம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறீர்கள் என்றால் அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மறுநாள் பலருக்கு அசதி இருக்கும். அந்த அசதி உங்கள் விடுமுறை நாளில் விழும்படி கிழமையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இருந்தால் விழித்திரைப் பரிசோதனை முக்கியம். பொடி பீட்ஸ் கோக்கும் வேலையில் கண் மங்கினால் கண்ணாடி மேல்தான் பழி விழும். சீசனில் டெலிவரிக்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடுவதோடு அது ஒத்துப்போகுமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நலம்விரும்பி

ஆறு மாதம் ஊசியைத் தொடாமல் ரெஸ்ட் எடுங்க சகோதரி, எல்லாம் சரியாகிவிடும்.

ஊசிமுனை (கும்பகோணம்)

நலம்விரும்பி அண்ணா, அந்த ஆறு மாத சீட்டுப் பணத்தை நீங்கள் கட்டுவதாக இருந்தால் சரி.

தங்கரேக்கு ஐயா, இருமடங்கு தேதி சொல்லும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நோயை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அட்வான்ஸ் வாங்கும்போதே "எனக்குக் கைவலி உண்டு, அவசர ஆர்டர் எடுப்பதில்லை" என்று ரசீதிலேயே எழுதப்போகிறேன். பேரம் பேசுகிறவர்கள் நான் நல்லாயிருந்தாலும் பேசத்தான் போகிறார்கள். போகிற ஆர்டர் போகட்டும், கல்யாணத்துக்கு முதல் நாள் வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

மாத்திரை எனக்கு ஞாயிறு ராத்திரி, திங்கள் முழுக்க அசதி. அதைச் சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்று இதுவரை யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த முறை கேட்கிறேன்.

ஈரோடு தங்கச்சி, ஊசியில் துணி சுற்றிவிட்டேன், நல்லாத்தான் இருக்கு. பீட்ஸ் நிரப்பக் கூலி எப்படிப் போடுறீங்க, பூவுக்கு இவ்வளவா, முழுக் கைக்கு இவ்வளவா? பிரித்துப் போட வேண்டி வந்தால் அந்தக் கூலி யார் கணக்கு?