கிளாரெல்வன் பள்ளத்தாக்கு: தமிழ் வரைபடத்தில் எந்தப் பெயரை எழுதுவது?

நண்பர்களுக்கு வணக்கம். மாணவர்களுக்காக நார்வே, சுவீடன் எல்லைக் காட்டுப் பகுதியின் வரைபடத்தைத் தமிழில் தயாரித்து வருகிறேன். பெயர் எழுதும் இடத்தில் வேலை நின்றுவிட்டது. அங்கே ஓடும் ஓர் ஆற்றுக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறுகிறது.

நார்வேயின் ஃபெமுண்டன் ஏரியிலிருந்து கிளம்பும்போது இந்த ஆறு ஃபெமுண்ட்செல்வா. சற்றுத் தெற்கே அதுவே திரீசிலெல்வா. எல்லை தாண்டி சுவீடனின் வார்ம்லாண்டுக்குள் நுழைந்தால் கிளாரெல்வன். கார்ல்ஸ்டாட் நகரில் வேனெர்ன் ஏரியில் கலக்கும்வரை அந்தப் பெயர்தான். ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே மணற்படுகையில் வளைந்து வளைந்து போகும் இந்த ஆற்றில் 1991 வரை வெட்டுமரங்களை மிதக்கவிட்டு அனுப்பினார்கள். அரசியல் எல்லையை ஆறு மதிக்கவில்லை, பெயர்கள்தான் மதிக்கின்றன!

‘எல்வா’, ‘எல்வன்’ இரண்டுக்குமே ஆறு என்றுதான் பொருள். அப்படியானால் ‘கிளாரெல்வன் ஆறு’ என்று எழுதலாமா, ‘கிளார் ஆறு’ போதுமா? எனக்கு முதலாவதே பிடித்திருக்கிறது. தேடுகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், மேற்கே உள்ள ஃபின்ஸ்கோகன் காடு. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் காட்டை எரித்துக் ரை (rye) தானியம் விதைத்த ஃபின்லாந்துக் குடியேறிகள் வைத்த ரித்தமேக்கி போன்ற பெயர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அவற்றை ஃபின்னிய உச்சரிப்பில் எழுதுவதா, சுவீடியர் சொல்வதுபோலவா?

நார்வேயிலோ சுவீடனிலோ வசிக்கும் உறுப்பினர்கள், உள்ளூரார் ‘திரீசில்’ என்பதை எப்படி ஒலிக்கிறார்கள் என்று குரல் பதிவாக அனுப்பினால் பேருதவியாக இருக்கும். ஃபெமுண்ட்செல்வா என்ற பெயர் எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டும் நார்வே வரைபடம் இருந்தாலும் பகிருங்கள்.